சதுர அடிக் கணக்குக்கு ப்ளூபீம் ரெவு: கீழக்கரையிலிருந்து ஒரு மதிப்புரை

இராமநாதபுரம் கடற்கரையில், தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை எந்த ஊரில் வீடு கட்டும் பேச்சு எழுந்தாலும், அது முதலில் வந்து நிற்பது சதுர அடி ரேட்டில்தான். ரேட்டைப் பேசி முடிக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட, அந்த ரேட்டால் பெருக்கப்போகும் சதுர அடி எவ்வளவு, அது எப்படி எடுக்கப்பட்டது என்ற கேள்விக்குச் செலவிடப்படுவதில்லை. கீழக்கரை போன்ற ஊர்களில் வீட்டுக்காரர் பெரும்பாலும் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பார், பிளான் பி.டி.எஃப். கோப்பாக வாட்ஸ்அப்பில் வந்து சேரும்; அதே கோப்பு நாலைந்து ஒப்பந்ததாரர்களுக்கும் போகும்; ஆளுக்கொரு சதுர அடி சொல்வார்கள். பி.டி.எஃப். பிளானின் மேலேயே பரப்பளவு எடுத்துத் தரும் மென்பொருள்களுக்கு இந்த இடத்தில்தான் வேலை இருக்கிறது. அவற்றுள் எங்கள் எஸ்டிமேட் அலுவலகத்தில் அன்றாடம் புழங்கும் ப்ளூபீம் ரெவுவைப் பற்றியது இந்த மதிப்புரை.

ப்ளூபீம் நிறுவனம் 2002-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கப்பட்டு, 2014 முதல் ஜெர்மனியின் நெமெட்செக் குழுமத்தின் கையில் இருக்கிறது. ரெவு என்பது அடிப்படையில் ஒரு பி.டி.எஃப். மென்பொருள்தான், கட்டுமானத் துறைக்கென்றே அதில் குறிப்பெழுதும் கருவிகளும் அளவெடுக்கும் கருவிகளும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. விண்டோஸ் கணினியில்தான் ஓடும். 2022-க்கு முன்பு ஒருமுறை பணம் கட்டி வாங்கிவிடலாம் என்றிருந்தது, அந்த ஆண்டு முதல் ஆண்டுச் சந்தாவாக மாறிவிட்டது.

எந்தப் பரப்பை எடுப்பதற்கு முன்பும் ஸ்கேல் சரியாக வேண்டும். பிளானின் மூலையில் 1:100 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து அதையே மென்பொருளிலும் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். அது ஆபத்தான சுருக்குவழி. ஏ1 தாளுக்கு வரைந்த பிளானை ஏ3 தாளில் சுருக்கினால் நீளம் பாதியாகும், பரப்பு கால் பங்காகும். இவ்வளவு பெரிய பிழை யார் கண்ணிலும் பட்டுவிடும். கண்ணில் படாதது, ஜெராக்ஸ் கடையில் தாளுக்குப் பொருந்தும்படி அச்சிடும்போது வரும் 2 சதவீதச் சுருக்கம். நீளத்தில் 2 சதவீதம் குறைந்தால் பரப்பில் ஏறத்தாழ 4 சதவீதம் குறையும். 2,000 சதுர அடி வீட்டில் 80 சதுர அடி சத்தமில்லாமல் காணாமல் போகும். ரெவுவில் இதற்கான கருவி கேலிப்ரேட். பிளானில் அளவு எழுதியிருக்கும் ஒரு கோட்டின் இரு முனைகளையும் தொட்டு, அதன் உண்மையான நீளத்தைத் தட்டினால், அந்தப் பக்கம் முழுவதற்கும் ஸ்கேல் அமைந்துவிடும். 3 அடி வாசலை வைத்துக் கேலிப்ரேட் செய்பவர்களைப் பார்க்கிறேன். முனையைத் தொடுவதில் அரை அங்குலம் பிசகினால் அங்கே 1.4 சதவீதம் பிழை வரும், அதே அரை அங்குலம் 40 அடிச் சுவரில் 0.1 சதவீதம்தான். ஆகவே தாளில் உள்ளதிலேயே நீளமான அளவையே எடுக்க வேண்டும். பிறகு குறுக்கு வாக்கில் இன்னொரு அளவைச் சரிபார்க்க வேண்டும். ஸ்கேன் செய்த பிளான்கள் ஒரு பக்கமாக இழுபட்டிருப்பது சாதாரணம். அப்படி இருந்தால் நெடுக்குக்குத் தனி ஸ்கேல் கொடுக்கும் வசதியும் கேலிப்ரேட் பெட்டியிலேயே இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

நம் பக்கத்துப் பழைய கைவரை பிளான்களில் பத்தரை அடியை 10.6 என்று புள்ளி வைத்து எழுதும் வழக்கம் உண்டு. பத்தடி ஆறு அங்குலம் என்று மேஸ்திரி அதைச் சரியாகப் படித்துவிடுவார். மென்பொருளுக்கு அது பத்து புள்ளி ஆறு அடி. இந்தத் தவறான எண்ணை வைத்துக் கேலிப்ரேட் செய்தால் பரப்பு ஏறத்தாழ 2 சதவீதம் கூடிவிடும். அடி, அங்குலம் இரண்டையும் பிரித்துத் தட்டும் அலகைத் தேர்ந்தெடுத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. ஒரே தாளில் வீட்டுப் பிளான் ஒரு ஸ்கேலிலும் மனை வரைபடம் வேறொரு ஸ்கேலிலும் இருந்தால், வியூபோர்ட் என்ற கருவியால் தாளைப் பகுதி பகுதியாக வகுத்து ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்கேல் தரலாம். செல்போனில் சாய்த்துப் பிடித்து எடுத்த பிளான் படத்துக்கு மட்டும் எதுவும் செய்ய முடியாது. வரைந்தவரிடமிருந்து மூலக் கோப்பைக் கேட்டு வாங்குவதுதான் வழி.

பரப்பு எடுக்கும் கருவி எளிது: மூலை மூலையாகத் தொட்டுக்கொண்டே போய் முதல் புள்ளியில் முடித்தால் சதுர அடி எழுதப்பட்டுவிடும். கணினியிலேயே வரைந்து பி.டி.எஃப். ஆக்கிய பிளானாக இருந்தால் மௌஸ் முனை கோட்டின் மூலையைத் தானாகப் பற்றிக்கொள்ளும். ஸ்கேன் பிளானில் அது வெறும் படம் என்பதால் பற்றாது, கண் பார்த்துத்தான் தொட வேண்டும். இந்தப் பற்றுதல் பெரிய வசதி என்றாலும், எந்தக் கோட்டைப் பற்றுகிறது என்று பெரிதாக்கிப் பார்ப்பது அவசியம். சுவரின் வெளிக்கோடு, உட்கோடு, அளவுக்காக நீட்டிய மெல்லிய கோடு எல்லாம் திரையில் ஒரு விரற்கடைக்குள் நெருங்கியிருக்கும். வெளிமுகம் 30 அடிக்கு 40 அடி உள்ள வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிக்கோட்டில் தொட்டால் 1,200 சதுர அடி. 9 அங்குலச் சுவரின் நடுவில் தொட்டால் 1,148. உட்கோட்டில் தொட்டால் 1,097. மூன்றும் ஒரே வீடு, மூன்றும் கணக்கில் பிழையில்லாதவை. சதுர அடி ரேட் பேசும்போது சுவர்ப் பருமனையும் சேர்த்த பிளின்த் ஏரியாவைத்தான் பேசுகிறோமா, போர்ட்டிகோ முழுதாகவா பாதியாகவா, மாடிப்படித் தலைப்பு அறை உண்டா இல்லையா என்பதையெல்லாம் மென்பொருள் கேட்காது. ஐ.எஸ். 3861 என்ற இந்தியத் தர ஆவணம் பிளின்த் ஏரியா, கார்ப்பெட் ஏரியா (சுவர் நீங்கலான உள் தரைப் பரப்பு) ஆகியவற்றை அளக்கும் முறையை வகுத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் அதை ஒரு வரி குறிப்பிட்டுவிட்டு அளக்கத் தொடங்கினால் நாலு பேர் எடுத்தாலும் ஒரே எண் வரும்.

டைனமிக் ஃபில் என்றொரு கருவியும் இருக்கிறது. அறைக்குள் ஓரிடத்தில் தொட்டால், நான்கு பக்கமும் பரவிக் கோட்டைக் கண்டதும் நின்று, தானே எல்லையிட்டுக்கொள்ளும். விளம்பரக் காணொளிகளில் அதிகம் காட்டப்படுவது இதுதான், பார்ப்பவர்களை மயக்குவதும் இதுதான். வாசல் திறப்பிலோ, ஸ்கேனில் அறுபட்ட கோட்டிலோ ஓர் இடைவெளி இருந்தால், வாலிநோக்கம் உப்பளத்தில் வரப்பு உடைந்த பாத்தித் தண்ணீர் போல அடுத்த அறைக்குள் புகுந்துவிடும். வாசலுக்குக் குறுக்கே ஓர் எல்லைக்கோடு போட்டுத் தடுக்கலாம். நேர்மூலை அறைகளுக்கு நான்கு தொடுதல் போதும் என்பதால் அங்கே இதற்குத் தேவையே இல்லை. வளைவுச் சுவர்களும் எண்கோண முற்றமும் உள்ள கீழக்கரைப் பழைய வீடுகளைச் சீரமைக்கும் பிளான்களில்தான் இதன் அருமை தெரிகிறது.

பூச்சு, பட்டி, பெயின்ட் ஆகிய வேலைகளுக்குப் பரப்பு எடுக்கும்போதுதான் இந்த மென்பொருளின் உண்மையான பலமும் எல்லையும் தெரியவருகின்றன. தரைப் பரப்பு பிளானிலேயே இருக்கிறது, சுவர்ப் பரப்பு பிளானில் இல்லை. அறையைச் சுற்றிவந்தால் சுற்றளவு கிடைக்கும், அதை உயரத்தால் பெருக்கும் சூத்திரத்தைப் பட்டியலில் ஒரு தனிப் பத்தியாக நாமே அமைத்துக்கொள்ளலாம். 12 அடிக்கு 10 அடி அறை, 10 அடி உயரம் என்றால் சுற்றளவு 44 அடி, சுவர்ப் பரப்பு 440 சதுர அடி. இதில் வாசல், ஜன்னல் திறப்புகளுக்காகக் கழிக்க வேண்டியது எவ்வளவு? கட்அவுட் கருவியால் எந்தத் திறப்பையும் வெட்டி எடுத்துவிடலாம். ஆனால் எல்லாத் திறப்பையும் வெட்டுவது நம் நாட்டு அளவு முறை அல்ல.

பூச்சு வேலைக்கு ஐ.எஸ். 1200-இன் 12-ஆம் பகுதி சொல்வது இது: 0.5 சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்குக் கழிவே கிடையாது. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, சுவரின் இரு முகமும் ஒரே பூச்சு என்றால், ஒரு முகத்தில் மட்டும் கழிக்க வேண்டும், திறப்பின் உள்ளே பக்கங்களிலும் மேலும் தெரியும் சுவர்ப் பருமனை, அதாவது வெட்டுமுகங்களை, தனியாகச் சேர்க்கக் கூடாது. 3 சதுர மீட்டருக்கு மேல் போனால் இரு முகத்திலும் கழித்துவிட்டு வெட்டுமுகங்களைச் சேர்க்க வேண்டும். நம் கணக்குக்கு 0.5 சதுர மீட்டர் என்பது சுமார் 5.4 சதுர அடி, 3 சதுர மீட்டர் என்பது சுமார் 32.3 சதுர அடி. அந்த அறையில் 3 அடிக்கு 7 அடி வாசலும் (21 சதுர அடி) 4 அடிக்கு 4 அடி ஜன்னலும் (16 சதுர அடி) நடுவகையில் விழுகின்றன. 2 அடிக்கு ஒன்றரை அடி வென்டிலேட்டர் 3 சதுர அடிதான், அதைக் கழிக்க வேண்டியதில்லை. முற்றத்தைப் பார்த்து 8 அடிக்கு 7 அடி திறந்த சட்டம் இருந்தால் 56 சதுர அடி. இரண்டு முகத்திலும் 56 கழித்துவிட்டு, 9 அங்குலச் சுவரின் வெட்டுமுகமாக 16.5 சதுர அடி சேர்க்க வேண்டும். தனியார் வேலைகளில் பெயின்டர்கள் வாசல் ஜன்னலைக் கழிக்கவே விடமாட்டார்கள். கதவுக்கும் சேர்த்துத்தான் கணக்கு என்பார்கள். அது பேசி முடிக்க வேண்டிய விஷயம். அமெரிக்கப் பழக்கத்துக்கு ஏற்பச் செய்த மென்பொருளில் இந்த விதிகள் தாமாக வராது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு விரித்தேன். எங்கள் அலுவலகத்தில் மூன்று வகைத் திறப்புகளுக்கும் மூன்று நிறக் கருவிகளை டூல் செஸ்ட் என்ற பெட்டியில் பெயரிட்டுச் சேமித்து வைத்திருக்கிறோம். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகூட எந்தத் திறப்புக்கு எந்த நிறம் என்று பார்த்து எடுத்துவிடுகிறது.

சாய்கூரைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மண்டபம் பகுதியில் மீன் கம்பெனிகளுக்கும் ஐஸ் கம்பெனிகளுக்கும் போடும் ஷீட் கூரையைப் பிளானில் அளந்தால் அதன் நிழற்பரப்புதான் கிடைக்கும். 40 அடிக்கு 25 அடி ஷெட் பிளானில் 1,000 சதுர அடி; 15 டிகிரி சாய்வு என்றால் கூரையின் பரப்பு 1,035. பரப்பளவுக் கருவியிலேயே சாய்வைக் கொடுக்க ஓர் இடம் இருப்பதால் இந்த 35 சதுர அடி தானாகச் சேர்ந்துவிடுகிறது. அந்த ஷீட்டுக்கு பெயின்ட் அடிப்பதென்றால், நெளிவுக்காக 1.14-ஆல் பெருக்கும் வழக்கப்படி, 1,180 சதுர அடி ஆகும். இந்தப் பெருக்கல் மென்பொருளில் இல்லை, நாம்தான் சூத்திரம் எழுத வேண்டும். ஷீட் ஏற்றிப் போடும் அளவும் வெட்டிக் கழிவதும் இதில் சேராது. தூண்களையும் இங்கேயே சொல்லிவிடலாம்: ஓரடி விட்டமுள்ள உருண்டைத் தூண் பிளானில் முக்கால் சதுர அடிக்குச் சற்று அதிகமான ஒரு வட்டம், ஆனால் 10 அடி உயரத்துக்குப் பூச வேண்டியது 31.4 சதுர அடி. நீண்ட திண்ணையில் வரிசையாகத் தூண் நிறுத்தும் வீடுகளில் இதை விட்டவர்கள் கொத்தனார் கூலியில் உணர்வார்கள்.

இவ்வளவையும் நாமே சொல்லித்தர வேண்டிய மென்பொருளுக்கு ஏன் பணம் கட்ட வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. என் பார்வையில் விடை வேகத்தில் இல்லை, கால்குலேட்டரில் பழகிய கை ஒரு சிறு வீட்டை இதே நேரத்தில் முடித்துவிடும். விடை, எடுத்த அளவு பிளானின் மேலேயே நிறமாக நிற்பதில் இருக்கிறது. அறை அறையாக நிறம் பூசிய பி.டி.எஃப். கோப்பை வீட்டுக்காரருக்கு அனுப்பினால், எதைச் சேர்த்தோம், எதை விட்டோம் என்பதை அவர் வெளிநாட்டிலிருந்தே செல்போனில் பார்த்துவிடுவார். எண்ணை மட்டும் அனுப்பிய காலத்தில் 'எப்படி 1,640 வந்தது' என்று நீளும் பேச்சு, இப்போது 'பின்பக்கம் துணி துவைக்கும் இடத்தை ஏன் சேர்த்தீர்கள்' என்ற குறிப்பான கேள்வியாகச் சுருங்கிவிட்டது. ஒவ்வொரு நிறத்துக்கும் உரிய மொத்தம் கீழே பட்டியலாக நிற்கிறது, எக்ஸெலுக்கு ஏற்றுமதி ஆகிறது. பிளான் திருத்தப்பட்டு வரும்போது பழைய குறிகளைப் புதிய தாளில் அப்படியே ஒட்டி, மாறிய அறையை மட்டும் இழுத்துச் சரிசெய்யலாம். வீடு கட்டி முடிவதற்குள் பிளான் பலமுறை மாறும் நம் ஊர் வழக்கத்துக்கு இது ஒன்றே போதும்.

கடற்கரைக்கு மட்டுமே உரிய ஒரு பயனும் உண்டு. பாம்பன், தங்கச்சிமடம், இராமேஸ்வரம் வீடுகளில் உப்புக்காற்று நேரே அறையும் சுவருக்கும் மறைவான சுவருக்கும் ஒரே பெயின்ட் வேலை போதாது. கடல் பார்த்த முகத்துக்கு ப்ரைமரும் ஒரு கோட்டும் கூடுதலாகப் போடுவோம், கிரில்லுக்குத் துருத் தடுப்புப் பூச்சு தனி. எலிவேஷன் தாளில், அதாவது சுவர்களின் முகத்தோற்றத்தை வரைந்த தாளில், கடல் பார்த்த சுவர்களுக்குத் தனி நிறம் கொடுத்து எடுத்துவிட்டால், கூடுதல் கோட்டுக்கு எத்தனை சதுர அடி என்பது தனியாக வந்து நிற்கிறது. முன்பெல்லாம் மொத்தச் சுவரில் பாதி என்று குத்துமதிப்பாகப் போட்டதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, மூலை மனைகளில் கணிசமானது.

தமிழ்நாடு அரசின் இணையச் சேவையிலிருந்து இறக்கும் புல வரைபடத்திலும், அதாவது எஃப்.எம்.பி.யிலும், இதைப் பயன்படுத்தலாம். எழுதியிருக்கும் ஒரு பக்க நீளத்தை வைத்துக் கேலிப்ரேட் செய்து எல்லையைச் சுற்றிவந்தால் மனையின் பரப்பு கிடைக்கும்; பட்டாவில் ஏர் (100 சதுர மீட்டர்) கணக்கில் இருப்பதுடன் ஒப்பிட, ஒரு சென்ட் 435.6 சதுர அடி, 40.47 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் போதும். இது சரிபார்ப்புக்கு மட்டுமே, எல்லைத் தகராறுக்கு சர்வேயர்தான். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல வரைபடங்களில் இந்த வேலையைச் செய்யாமல் இருப்பது நல்லது: 1:25,000 ஸ்கேலில் வரைந்த தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 25 மீட்டர், 5 சென்ட் மனை அதில் மௌஸ் முனைக்குள் அடங்கிவிடும்.

குறைகளுக்கு வருகிறேன். முதல் குறை விலை. 2022-இல் சந்தா முறை தொடங்கியபோது பேசிக்ஸ், கோர், கம்ப்ளீட் என்ற மூன்று நிலைகளுக்கும் முறையே ஆண்டுக்கு 240, 300, 400 டாலர் என்றிருந்தது, பிறகு ஏறியிருக்கிறது. மாதத்துக்கு ஓரிரண்டு எஸ்டிமேட் போடும் தனி ஒப்பந்ததாரருக்கு, நிற்காமல் ஓடும் இந்தச் செலவு கட்டுப்படியாகாது. எக்ஸெல் தாளின் கட்டங்களை நேரடியாகப் பிளானில் உள்ள அளவுகளுடன் இணைக்கும் குவான்டிட்டி லிங்க் வசதி உயர்ந்த நிலையில்தான் கிடைக்கிறது. சிறு அலுவலகத்துக்கு ஏற்றுமதியே போதும், அதற்காக மேலே போக வேண்டாம். இரண்டாவது, தமிழில் இல்லை. கருவிகளின் பெயர்களை மனப்பாடம் செய்துகொள்ளலாம் என்றாலும், சூத்திரப் பெட்டியும் அலகு அமைப்புகளும் ஆங்கிலம் தடுமாறும் சூப்பர்வைசரை விலக்கியே வைக்கின்றன. மூன்றாவது, சின்ன மடிக்கணினித் திரையில் இதை வைத்து வேலை செய்வது கண்ணுக்குத் தண்டனை. 24 அங்குலத் திரையும் சக்கரம் உள்ள நல்ல மௌஸும் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

தன் வீட்டுக்கு மட்டும் சதுர அடி சரிபார்க்க விரும்புபவருக்கு அடோபி அக்ரோபேட் ரீடரில் இலவசமாக உள்ள அளவெடுக்கும் கருவியே போதும். தூரம், சுற்றளவு, பரப்பு மூன்றும் கிடைக்கும், வகைவாரியான மொத்தம் கிடைக்காது. வரைந்தவர் டி.டபிள்யூ.ஜி. என்ற மூலக் கோப்பையே தருவார் என்றால் ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் ஏரியா கட்டளையால் எடுப்பது இதைவிடத் துல்லியம், அங்கே கேலிப்ரேட் சிக்கலே இல்லை. ஆனால் வரைபவர்கள் மூலக் கோப்பை அவ்வளவு எளிதில் கொடுப்பதில்லை. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்குச் சுயசான்று முறையில் அனுமதி வழங்கும் திட்டம் 2024-இல் வந்தபிறகு, அதற்கான பிளான்கள் பரப்பளவுப் பட்டியலுடனே வருகின்றன. அந்தப் பட்டியலை ஒருமுறை சரிபார்க்க ரீடரே தாராளம்.

எஸ்டிமேட்டையே தொழிலாகக் கொண்ட அலுவலகங்களுக்கும், ஒரே நேரத்தில் பல வீடுகளைக் கையில் வைத்திருக்கும் ஒப்பந்ததாரர்களுக்கும் கோர் நிலையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வாங்குவதற்கு முன் இலவசச் சோதனைப் பதிப்பை இறக்கி, புதிய வேலையில் முயலாமல், ஏற்கெனவே கட்டி முடித்து, டேப் பிடித்து அளந்து, பில்லும் தீர்ந்துபோன ஒரு வீட்டின் பிளானில் அளந்து பாருங்கள். தரை, பூச்சு, பெயின்ட் மூன்றையும் தனித்தனியாக எடுத்து அளவுப் புத்தகத்தோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். தரையில் வேறுபாடு வந்தால் பெரும்பாலும் ஸ்கேலில் கோளாறு. தரை சரியாக இருந்து பூச்சில் மட்டும் வந்தால், கழிவு விதியைத் தேடிப் பாருங்கள்.